பொய் பில்

என் பணத்தை யாரும் திருடவில்லை.

கண்டமங்கலம் கடைத்தெருவில் நான் சொல்லிக்கொண்டு திரிந்தது வேறு. கார்டு மெஷின் கொடுத்த கம்பெனி என் 40,000 ரூபாயைத் தின்றுவிட்டது என்றேன். பணத்தைப் பிடித்துக்கொண்டது உண்மை. மெஷினை நிறுத்தியதும் உண்மை. ஏன் பிடித்தார்கள், ஏன் நிறுத்தினார்கள் என்பதை மட்டும் மறைத்தேன். அதைச் சொன்னால் கல்லாவில் உட்கார முகம் இருக்காது என்று பயந்தேன். இப்போது முழுவதையும் எழுதுகிறேன். தீர்ப்பு படிப்பவர்களுடையது.

விழுப்புரம்–புதுச்சேரி சாலையில் எனக்கு ஹார்டுவேர் கடை. பெயிண்ட், பிவிசி பைப், ஆணி, கதவுக் கொண்டி. அந்தச் சாலையில் பஸ் ஏறினால் தமிழ்நாடும் புதுச்சேரியும் மாறி மாறி வரும். திருபுவனைப் பக்கத்துத் தொழிற்சாலைகளில் எங்கள் ஊர்ப் பிள்ளைகள் பலர் வேலை செய்கிறார்கள். 2016 நவம்பர் 8 இரவு 500, 1,000 ரூபாய் நோட்டுகள் செல்லாது என்று அறிவித்த பிறகு, கையில் காசில்லாமல் கார்டோடு என் கடைக்கு வந்தவர்கள் அவர்கள்தான். அடுத்த வருடத் தொடக்கத்தில் மெஷின் வாங்கிவிட்டேன்.

மெஷினோடு எனக்குப் பெருமையும் வந்தது. ரிசர்வ் வங்கியின் சுற்றறிக்கைகளைத் தேடிப் படித்தேன். ஆண்டு விற்றுமுதல் 20 லட்சத்துக்குள் உள்ள கடையில் டெபிட் கார்டு தேய்த்தால் 0.40 சதவீதத்துக்கு மேல் பிடிக்கக் கூடாது. 2018 ஜனவரி 1 முதல் இது நடப்பு. 2020 ஜனவரி 1 முதல் ரூபே டெபிட் கார்டுக்கும் யுபிஐக்கும் கடைக்காரரிடம் ஒரு பைசா பிடிக்கக் கூடாது. வாடிக்கையாளர் கணக்கில் பணம் கழிந்து, மெஷினில் ஸ்லிப் வராமல் போனால், ஐந்து நாளுக்குள் அது தானாகத் திரும்ப வேண்டும். தவறினால் நாளுக்கு 100 ரூபாய் அவருக்கு நஷ்டஈடு. இதெல்லாம் எனக்கு மனப்பாடம். மளிகைக் கடை, மெடிக்கல், பேக்கரி, எங்கே மெஷின் தகராறு செய்தாலும் என்னைத்தான் கூப்பிட்டார்கள். நான் போய் நின்றேன். கண்டமங்கலத்தில் இந்த விஷயம் தெரிந்த ஒரே ஆள் நான் என்று நினைத்தேன். பிறகு நான் சொன்ன பொய்யை ஒருவரும் சந்தேகப்படாததற்கு இந்தப் பெயர்தான் காரணம்.

மெஷின் கொடுக்கும்போது கம்பெனியின் பையன் எனக்கு ஒரு எச்சரிக்கை சொன்னான். வளவனூர்ப் பக்கத்துப் பையன். படிப்பு முடித்து அப்போதுதான் வேலையில் சேர்ந்திருந்தான். அவனுக்குக் கிடைத்த முதல் கடை என்னுடையது. "அண்ணே, எது வேணா பண்ணுங்க. கார்டைத் தேய்ச்சுட்டு கையில காசு மட்டும் குடுத்துடாதீங்க. கண்டுபிடிச்சா மெஷினை எடுத்துடுவாங்க" என்றான். "எனக்கே பாடம் சொல்றியா தம்பி" என்றேன். ஒப்பந்தத்தில் அந்த விதி இருந்தது. படித்துவிட்டுத்தான் கையெழுத்துப் போட்டேன்.

2020 பொதுமுடக்கத்துக்குப் பிறகு கட்டட வேலை நின்றது. கடையில் தூசு படிந்தது. அப்போதுதான் தேய்க்க ஆரம்பித்தேன்.

எப்படி என்று சொல்லிவிடுகிறேன். கிரெடிட் கார்டில் ஏடிஎம்மில் பணம் எடுத்தால் எடுத்த நாளிலிருந்தே வட்டி ஓடும், தனியாகக் கட்டணமும் உண்டு. கடையில் சரக்கு வாங்கினால் ஒரு மாதத்துக்கு மேல்கூட வட்டியில்லாத அவகாசம் கிடைக்கும். அதனால் பணமுடை உள்ளவர்கள் கடைக்காரனைத் தேடி வருவார்கள். 10,000 ரூபாய்க்கு பெயிண்ட் வாங்கியது போல நான் கார்டைத் தேய்ப்பேன். கையில் 9,650 ரூபாய் கொடுப்பேன். கம்பெனி என்னிடம் 2 சதவீதமும் அதன் மேல் ஜிஎஸ்டியும் பிடிக்கும், ஆக 236 ரூபாய். எனக்கு மிச்சம் 114 ரூபாய். ஒரு டின் பெயிண்டைத் தூக்கி இறக்காமல், ஒரு கொத்தனாரிடம் கடன் சொல்லாமல், 114 ரூபாய். டெபிட் கார்டுக்கு உச்சவரம்பு வைத்த ரிசர்வ் வங்கி கிரெடிட் கார்டுக்கு வைக்கவில்லை. அந்த இரண்டு சதவீதம் கடைக்காரர்களின் உண்மையான குறை. அந்தக் குறையைக் காட்டித்தான் நான் என்னைச் சமாதானப்படுத்திக்கொண்டேன். கம்பெனிக்காரன் பிடிக்கிறான், நானும் கொஞ்சம் பிடிக்கிறேன் என்று.

திருபுவனையில் ஒப்பந்தத் தொழிலாளியாக இருந்த ஒரு பையன் மாதா மாதம் வந்தான். முதலில் ஒரு கார்டு. பிறகு இரண்டு. ஒன்றைத் தேய்த்த காசில் இன்னொன்றின் பாக்கியைக் கட்டுகிறான் என்று எனக்குத் தெரிந்தது. தவணை தவறினால் கார்டு வட்டி மாதத்துக்கு மூன்றரை சதவீதம்கூட ஆகும் என்பதும் தெரியும். ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாம். சொன்னால் அவன் வரமாட்டான். 114 ரூபாய் போய்விடும். ஆகவே வாயைத் திறக்கவில்லை.

2022-இல் அவன் மூன்றாவது ஒரு கார்டோடு வந்தான். அது அவன் அண்ணனுடையது. கார்டின் மேல் இருந்த பெயரைப் படித்தேன். ரகசிய எண் அவனுக்குத் தெரிந்திருந்தது. 40,000 ரூபாய் தேய்த்தேன். அவன் அண்ணன் ஸ்டேட்மென்டைப் பார்த்துவிட்டு வங்கிக்கு எழுதினார்: கண்டமங்கலத்தில் எந்த ஹார்டுவேர் கடையிலும் நான் எதுவும் வாங்கவில்லை.

அவர் வங்கி என் கம்பெனியைக் கேட்டது. கம்பெனி என்னைக் கேட்டது. பில், ஸ்லிப், சரக்கு கொடுத்ததற்கு அத்தாட்சி, மூன்றையும் அனுப்பச் சொன்னார்கள். தொகையை அதுவரை என் செட்டில்மெண்டிலிருந்து நிறுத்தி வைத்தார்கள். இதைச் சார்ஜ்பேக் என்பார்கள். கார்டு வைத்திருப்பவர் ஏமாறக் கூடாது என்பதற்காக இருக்கும் வழி. நேர்மையான கடைக்காரனுக்கும் இதில் பயமில்லை. பில் இருந்தால் பணம் திரும்பிவிடும்.

என்னிடம் பில் இல்லை. கடை சாத்திய பிறகு உட்கார்ந்து எழுதினேன். வெளிச்சுவர் எமல்ஷன் 20 லிட்டர் டின்கள், பிரைமர், புட்டி மூட்டைகள். 18 சதவீத ஜிஎஸ்டி போட்டு 40,000-க்குக் கொண்டுவந்தேன். பில் புத்தகத்தில் பழைய தேதியில் இடமில்லை. ரத்து செய்த ஒரு பில்லின் எண்ணை எடுத்துக்கொண்டேன். விலாசத்துக்கு அந்தப் பையனின் வீட்டைப் போட்டேன். எழுதும்போது கை நடுங்கவில்லை. இதை ஏன் சொல்கிறேன் என்றால், தெரியாமல் செய்தேன் என்று யாரும் எனக்காகப் பரிந்து பேசக் கூடாது. நிதானமாகத்தான் எழுதினேன். கூட்டல் சரியா என்று இரண்டாவது முறை பார்த்தேன்.

கம்பெனி நேரில் பார்த்து வரச் சொல்லி ஆள் அனுப்பியது. வந்தது அந்த வளவனூர்ப் பையன்.

அவன் முதலில் அந்த விலாசத்துக்குப் போய்விட்டு வந்தான். கடைக்குள் வந்து உட்காரவில்லை. "அண்ணே, அங்க சுவரே பூசலை. செங்கல் தெரியுது. எங்க பெயிண்ட் அடிச்சாங்க?" என்றான். நான் உண்மையைச் சொல்லியிருந்தால் அந்த இடத்தில் எல்லாம் முடிந்திருக்கும். 40,000 போயிருக்கும். மெஷின் போயிருக்கும். அதற்கு மேல் யாருக்கும் எதுவும் ஆகியிருக்காது.

நான் சொன்னது இது: "தம்பி, உன் முதல் கடை நான். நான் ஆரம்பிச்சு வெச்சதாலதான் இந்தத் தெருவுல உனக்கு அத்தனை கடை கிடைச்சுது. ஒரு கையெழுத்துக்கு யோசிக்கிறியே." அவன் தலையைக் குனிந்துகொண்டான். வேலை போய்விடும் அண்ணே என்றான். போகாது, நான் இருக்கிறேன் என்றேன். என் தெருவில் புதிதாகப் பெயிண்ட் அடித்த ஒரு வீடு இருந்தது. அதைப் படம் எடுத்து அனுப்பச் சொன்னேன். அவன் கொஞ்ச நேரம் போனைக் கையில் வைத்துக்கொண்டு நின்றான். நான் எழுந்து அவன் தோளில் கை போட்டுத் தெருவுக்குக் கூட்டிப்போனேன். அவன் படம் எடுத்தான். "சரக்கு பயன்படுத்தியது நேரில் சரிபார்க்கப்பட்டது" என்று எழுதி அனுப்பினான்.

நான் செய்ததில் மிகக் கேவலமானது எது என்று கேட்டால் அந்தக் கையைத்தான் சொல்வேன். பில் என்னுடைய பொய். அவன் எழுதியது நான் அவனைச் சொல்ல வைத்த பொய். எனக்கு அவனைவிட வயது அதிகம். அண்ணே என்று கூப்பிட்டவனை அந்த உறவை வைத்தே மடக்கினேன்.

அந்தப் படத்தில் எடுத்த இடம் பதிவாகியிருந்தது. பில்லில் உள்ள விலாசத்தோடு அது பொருந்தவில்லை. கம்பெனியின் தலைமை அலுவலகம் முன்பின் பில்களையும் கேட்டது. ரத்தான எண் வெளியே வந்தது. மெஷினை நிறுத்தினார்கள். 40,000 அந்த அண்ணனின் வங்கிக்குத் திரும்பிப் போனது. போக வேண்டிய இடத்துக்குத்தான் போனது. பையனை வேலையிலிருந்து நீக்கினார்கள்.

அவன் வந்து சொன்னபோது, பேசிப் பார்க்கிறேன் என்றேன். யாரிடமும் பேசவில்லை.

மே 5 வணிகர் தினத்துக்கு முந்தைய வாரம் எங்கள் ஊர்க் கடைக்காரர்கள் கூடினோம். 2023. மெஷின் ஏன் இல்லை என்று அதற்குள் பலர் கேட்டிருந்தார்கள். நான் எழுந்து பேசினேன். எனக்குத் தெரிந்த உண்மைகளை எல்லாம் பொய்க்குக் காவலாக நிறுத்தினேன். 2017 ஜனவரியில் பெட்ரோல் பங்குக்காரர்கள் செய்ததைச் சொன்னேன். கார்டு விற்பனைக்கு 1 சதவீதம் பிடிப்போம் என்று சில வங்கிகள் சொன்னதும், கார்டே வாங்கமாட்டோம் என்று நாடு முழுவதும் அறிவித்தார்கள். வங்கிகள் பின்வாங்கின, மத்திய அரசு தலையிட்டது. அமெரிக்காவில் விசா, மாஸ்டர்கார்டு இரண்டையும் எதிர்த்து வியாபாரிகள் 2005 முதல் வழக்கு நடத்துவதையும் சொன்னேன். சுமார் 550 கோடி டாலர் சமரசத் தொகையை மேல்முறையீட்டு நீதிமன்றம் அந்த 2023 மார்ச்சில்தான் உறுதி செய்திருந்தது. "அங்கே நடக்கிறது, இங்கே நடக்காதா?" என்றேன். கை தட்டினார்கள்.

அந்தச் சண்டைகளில் நியாயம் இருந்தது. கட்டணம் எவ்வளவு, யார் தலையில் விழ வேண்டும் என்பது அவர்கள் கேள்வி. அதை எழுத்தில் காட்டினார்கள். என் பேச்சில் கட்டணம் ஒரு சாக்கு. நான் அதோடு நிறுத்தவில்லை. கம்பெனி ஆள் ஒருவன் நம் தெருவிலேயே சுற்றி, நம்மிடமே தின்று, நம்மைக் காட்டிக்கொடுத்தான் என்றும் சொன்னேன். பெயர் சொல்லவில்லை. எல்லாருக்கும் தெரிந்தது. அவன் பிறகு வேறொரு கம்பெனியின் கியூஆர் ஸ்டாண்டோடு இந்தத் தெருவுக்கு வந்தபோது ஒரு கடையிலும் அவனை உள்ளே விடவில்லை. நான் அதைக் கல்லாவிலிருந்து பார்த்தேன்.

கூட்டத்துக்குப் பிறகு சிலர் மெஷினைத் திருப்பிக் கொடுத்தார்கள். கார்டு வைத்திருந்தவர்கள் மதகடிப்பட்டுக்கும் வில்லியனூருக்கும் போய்ச் சாமான் வாங்கினார்கள். எவ்வளவு வியாபாரம் போனது என்று நான் கணக்குக் கேட்டதில்லை. கேட்கத் துணிவில்லை.

இனி மெடிக்கல் கடை அக்காவைப் பற்றி.

கணவர் இறந்த பிறகு கடையைத் தனியாக நடத்துகிறவர். அவர் மெஷின் ஒரு வங்கி கொடுத்தது. நடப்புக் கணக்கும் அதே வங்கியில். அந்த வருடம் கோடையில் ஒருவர் பெரிய மருந்துப் பட்டியலுக்குக் கார்டு தேய்த்தார். 11,400 ரூபாய். ஸ்லிப் வந்தது. மருந்து கொடுத்தார். பணம் கணக்கில் ஏறவில்லை. வங்கிக்கு எழுதினார். எங்கள் பதிவுப்படி வரவு வைக்கப்பட்டுவிட்டது என்று பதில் வந்தது. கணக்கில் இல்லை. ஸ்லிப்பையும் பதிலையும் எடுத்துக்கொண்டு என்னிடம் வந்தார்.

இப்படிப்பட்டவர்களுக்காகத்தான் ரிசர்வ் வங்கியின் குறைதீர்ப்பாளர் திட்டம் இருக்கிறது. 2021 நவம்பர் 12 முதல் நாடு முழுவதற்கும் ஒரே திட்டம். முதலில் வங்கிக்குப் புகார் கொடுக்க வேண்டும். 30 நாளில் பதில் இல்லை என்றாலோ, பதிலில் நியாயம் இல்லை என்றாலோ, குறைதீர்ப்பாளருக்கு எழுதலாம். இணையத்திலும் அனுப்பலாம், தபாலிலும் அனுப்பலாம். கட்டணம் கிடையாது. வக்கீல் வேண்டாம். அன்றைய விதிப்படி, பதில் கிடைத்ததிலிருந்து ஓர் ஆண்டுக்குள் கொடுக்க வேண்டியிருந்தது, அவ்வளவுதான். 14448 என்ற எண்ணில் விவரம் கேட்கலாம். இந்த வரிகளை அன்றைக்கு அவரிடம் சொல்லியிருந்தால் போதும். நானே உட்கார்ந்து எழுதிக்கொடுத்திருக்கலாம். வேறு பலருக்கு எழுதிக்கொடுத்திருக்கிறேன்.

அவரிடம் நான் சொன்னது: "வேணாங்க்கா. அது சண்டிகர் வரைக்கும் போவும். நம்ம தெரு கணக்கு எல்லாத்தையும் தோண்டுவாங்க. பேங்க்காரன் தானா அனுப்புவான், பொறுங்க."

தபால் புகார்கள் சண்டிகரில் உள்ள மையத்துக்குப் போவது உண்மை. தெருக் கணக்கைத் தோண்டுவார்கள் என்பது நான் அந்த நொடியில் கட்டியது. அவருடைய வங்கி வேறு, என் கம்பெனி வேறு. ஒன்றுக்கொன்று சம்பந்தமில்லை. ஆனாலும் கண்டமங்கலத்துக் கார்டு விவகாரம் என்று யாராவது விசாரிக்க வந்தால், பக்கத்துக் கடை மெஷின் ஏன் நின்றது என்று ஒரு கேள்வி வருமே என்று பயந்தேன். என் பயத்துக்காக அவரை 11,400 ரூபாய்க்குக் காத்திருக்க வைத்தேன். மெடிக்கல் கடையில் அது எத்தனை நாள் லாபம் என்று எனக்குத் தெரியும். பிறகு எத்தனையோ தடவை கேட்டார். ஒவ்வொரு தடவையும் பொறுங்கள் என்றேன். ஓர் ஆண்டு கடந்தது.

கெடு முடிந்துவிட்டது என்று அவருக்குச் சொன்னது அவர் மகள். கல்லூரியில் படிக்கிறவள். ரிசர்வ் வங்கியின் இணையப் பக்கத்தில் படித்திருக்கிறாள். அக்கா ஸ்லிப்போடு மறுபடி வந்தார். அந்தத் தாளில் எழுத்து சூட்டில் பதிவது, நாளாக நாளாக மங்கிவிடும். நகல் எடுத்து வைக்கச் சொல்வது நான் எல்லாருக்கும் சொல்கிற முதல் யோசனை. அவருக்கு அதைக்கூடச் சொல்லவில்லை. தாள் முழுவதும் வெள்ளையாகியிருந்தது. "உனக்குத் தெரியாததா தம்பி? ஏன் என்கிட்ட பொறுங்கன்னு சொன்ன?" என்று கேட்டார். குரலை உயர்த்தவில்லை.

அவரிடம்தான் முதலில் எல்லாவற்றையும் சொன்னேன். தேய்த்தது, பில், படம், கூட்டத்தில் பேசியது. கேட்டு முடிக்கும்வரை நின்றபடியே இருந்தார். 11,400 ரூபாயை எடுத்து நீட்டினேன். "உன் காசு எனக்கு எதுக்கு? பேங்க் தர வேண்டிய காசைத்தான கேட்டேன்" என்று சொல்லிவிட்டுப் போனார். அந்தத் தொகையை மறுநாள் அவர் மகளிடம் கொடுத்தேன். அவளும் வாங்கவில்லை. இன்னும் என்னிடம் இருக்கிறது.

அதற்குப் பிறகு செய்தவற்றைச் சொல்கிறேன். இவற்றால் என் குற்றம் எதுவும் குறையாது என்று தெரிந்தே சொல்கிறேன். சரக்கே கொடுக்காமல் பில் போட்டதை ஆடிட்டரிடம் சொன்னேன். ஜிஎஸ்டி சட்டத்தின் 122-வது பிரிவில் அதற்கு அபராதம் உண்டு. 10,000 ரூபாய் அல்லது அந்த வரித் தொகை, எது கூடுதலோ அது. கட்டத் தயார் என்று எழுதிக்கொடுக்கச் சொல்லியிருக்கிறேன். கம்பெனிக்குக் கடிதம் எழுதினேன். அந்தப் பையன் தானாக எதுவும் செய்யவில்லை, நான் வற்புறுத்தினேன், படம் எடுத்த வீட்டைக் காட்டியவன் நான் என்று எழுதிக் கையெழுத்துப் போட்டேன். பதில் வரவில்லை. கடைக்காரர்களின் அடுத்த கூட்டத்தில் பேச நேரம் கேட்டேன். "முடிஞ்ச கதையை எதுக்குங்க கிளர்றீங்க" என்றார் செயலாளர். எனக்கு நேரம் வேண்டும் என்று மறுபடியும் எழுதிக் கொடுத்திருக்கிறேன்.

திருபுவனைப் பையனை ஒரு தடவை பஸ் நிறுத்தத்தில் பார்த்தேன். அண்ணனும் தம்பியும் இப்போது பேசிக்கொள்வதில்லை என்று கேள்விப்பட்டேன். அவனிடம் போய்ப் பேசினேன். கார்டு பாக்கியை இன்னும் கட்டிக்கொண்டிருக்கிறானாம். வேறொரு கடையில் தேய்க்கிறான் என்பதையும் அவனே சொன்னான். தேய்க்காதே என்று சொல்ல வாயெடுத்தேன். நான் சொல்லும் நிலையில் இல்லை. ஆனாலும் சொன்னேன். பாக்கியை மாதத் தவணையாக மாற்றித் தரும்படி வங்கியைக் கேட்கலாம், வட்டி குறையும் என்றும் சொன்னேன். சரி என்றான். கேட்டானா என்று தெரியவில்லை.

வளவனூர்ப் பையனின் வீட்டுக்கு மட்டும் இன்னும் போகவில்லை. கம்பெனியின் பதில் வரட்டும், வெறுங்கையோடு எப்படிப் போவது என்று எனக்கு நானே சொல்லிக்கொள்கிறேன். அது காரணம் இல்லை. அவன் அம்மா வாசலில் இருப்பார். யார் நீங்கள் என்று கேட்பார். அதற்குப் பயந்துதான் போகாமல் இருக்கிறேன்.